பெயர் பல, பலகை ஒன்று

சி.பி. ரேடியோ எனப்படும் குடிமக்கள் அலைப்பட்டை வானொலி, தேர்வு எழுதி உரிமம் பெறும் அமெச்சூர் வானொலியாளர்களுக்காக அன்றி, சாதாரண மக்கள் சில கிலோமீட்டர் தொலைவுக்குள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதற்காக ஒதுக்கப்பட்ட அலைப்பட்டையில் இயங்கும் கருவியாகும். அனுப்பும் பகுதியும் வாங்கும் பகுதியும் ஒரே பெட்டியில் அடங்கிய அதை, அமெரிக்கச் சரக்கு லாரி ஓட்டுநர்கள் பலர் இன்றும் தங்கள் வண்டியின் முகப்பில் பொருத்திவைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 27 மெகாஹெர்ட்ஸ் அருகே இந்தச் சேவை 1958-இல் 23 சேனல்களுடன் தொடங்கியது. 1973-இன் எண்ணெய் நெருக்கடியும், அதை ஒட்டி நாடு முழுவதும் விதிக்கப்பட்ட மணிக்கு 55 மைல் வேகவரம்பும், எரிபொருள் கிடைக்கும் இடத்தையும் காவலர் நிற்கும் இடத்தையும் ஓட்டுநர்கள் ஒருவருக்கொருவர் அறிவித்துக்கொள்ளும் தேவையை உண்டாக்கியதால், இந்தக் கருவி அடுத்த சில ஆண்டுகளில் குடும்பக் கார்களுக்கும் வீடுகளுக்கும் பரவியது.

அக்காலத்தில் கோப்ரா, பிரெசிடென்ட், ரியலிஸ்டிக், மிட்லண்ட், ஹைகெயின், ராய்ஸ், கிராக்கோ, லாஃபாயெட் எனப் பல பெயர்களில் இக்கருவிகள் விற்கப்பட்டன, சியர்ஸ், ஜே.சி. பென்னி போன்ற பெரும் கடைகளும் தத்தம் பெயரைப் பொறித்து விற்றன. முகப்பின் நிறம், குமிழ்களின் வடிவம், மீட்டரின் அமைப்பு எல்லாம் வேறுவேறாக இருந்த இப்பெட்டிகளைத் திறந்து பார்த்தவர்கள், எதிரும் புதிருமாகப் போட்டியிட்ட நிறுவனங்களின் கருவிகளுக்குள் ஒரே மின்சுற்றுப் பலகை, ஒரே இடத்தில் ஒரே சுருள், ஒரே எண்ணிட்ட சில்லு இருப்பதைக் கண்டார்கள். கோப்ரா 148 ஜி.டி.எல். என்ற புகழ்பெற்ற கருவியும் பிரெசிடென்ட் கிராண்ட் என்ற கருவியும் இவ்வகையில் உடன்பிறப்புகள். மேசைமேல் வைத்துப் பயன்படுத்தும் கோப்ரா 142 ஜி.டி.எல்., பிரெசிடென்ட் வாஷிங்டன் ஆகியவையும் அப்படியே. சிவகாசியின் ஒரே அச்சகத்திலிருந்து வரும் நாள்காட்டியில் ஊருக்கு ஊர் வேறு கடையின் பெயர் இருப்பதைப் போன்றது இது. ஆனால் நாள்காட்டியில் காண்பது அச்சு வசதி மட்டுமே. வானொலிப் பலகையின் ஒற்றுமைக்குச் சட்டம், கணக்கு, வணிகம் ஆகிய மூன்றும் சேர்ந்து காரணமாயின. இவற்றுள் அதிகம் பேசப்படுவது வணிகமே என்றாலும், ஆழமான காரணம் கணக்கில் இருக்கிறது.

சட்டத்தின் பங்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அமெரிக்கக் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம் இச்சேவைக்குரிய கருவி எப்படி இருக்க வேண்டும் என்பதை மிக நெருக்கமாக வரையறுத்தது. 1977 ஜனவரி 1 முதல் சேனல்கள் 40 ஆயின, அவை 26.965 மெகாஹெர்ட்ஸில் தொடங்கி 27.405 மெகாஹெர்ட்ஸில் முடிகின்றன. வீச்சுப் பண்பேற்றத்தில், அதாவது குரலின் ஏற்ற இறக்கத்திற்கேற்ப அலையின் உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் முறையில், அனுப்பும் திறன் 4 வாட்டைத் தாண்டக் கூடாது. அதே அலையின் ஒரு பக்கத்தை மட்டும் அனுப்பும் ஒற்றைப் பக்கப்பட்டை முறையில் உச்சத் திறன் 12 வாட் வரை போகலாம். இந்த அலைப்பட்டையின் இரட்டை மடங்கு ஏறத்தாழ 54 மெகாஹெர்ட்ஸ்; அமெரிக்கத் தொலைக்காட்சியின் இரண்டாம் சேனல் தொடங்கிய இடமும் அதுவே. பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சிப் படம் கலைந்துபோன புகார்கள் பெருகியதால், 40 சேனல் கருவிகளில் அந்த மடங்கு அலைகளை முன்னைவிடக் கடுமையாக அடக்க வேண்டும் என்று ஆணையம் கட்டளையிட்டது. ஒவ்வொரு மாதிரியும் சோதனையில் தேறி ஒப்புதல் பெற்ற பிறகே கடைக்கு வர முடியும் என்னும்போது, ஏற்கெனவே தேறிய பலகையை மீண்டும் பயன்படுத்துவதே எந்தப் பொறியாளருக்கும் இயல்பான வழியாக இருந்தது. திறனையும் சேனலையும் கூட்ட முடியாத கருவியில், புதிதாகச் சிந்திக்க எஞ்சிய இடம் முகப்புப் பலகைதான்.

கணக்கின் பங்கு இதைவிடச் சுவையானது. 23 சேனல் காலத்தில் ஒவ்வொரு சேனலின் அதிர்வெண்ணையும் குவார்ட்ஸ் படிகங்களே நிர்ணயித்தன. மின்னழுத்தம் கொடுத்தால் தனக்குரிய ஒரே அதிர்வெண்ணில் மாறாமல் அதிரும் சிறு கல் துண்டே இந்தப் படிகம். அனுப்பவும் வாங்கவும் தனித்தனியாக 23 படிகங்கள் வைத்தால் 46 ஆகிவிடும். அவ்வளவு விலை கொடுத்து யாரும் வாங்க மாட்டார்கள். ஆகவே இரண்டு படிகங்களின் அதிர்வெண்களைக் கலந்து மூன்றாவது ஒன்றைப் பெறும் முறை வந்தது. சேனல்களின் வரிசையை உற்றுப் பார்த்தால், முதல் நான்கும் 26.965, 26.975, 26.985, 27.005 என்று அமைந்து, அதே இடைவெளிகளுடன் 50 கிலோஹெர்ட்ஸ் தள்ளி அடுத்த நான்கு தொடங்குவதைக் காணலாம். நடுவே விடுபட்ட இடங்கள் தொலைவிலிருந்து பொம்மை விமானம் முதலியவற்றை இயக்கும் சேவைக்கு உரியவை. இந்த அமைப்புக்கு ஆறு படிகங்கள் ஒரு பக்கமும் நான்கு படிகங்கள் மறுபக்கமும் இருந்தால் 24 கூட்டுகள் கிடைக்கும். வாங்குவதற்கு வேறு நான்கைச் சேர்த்து மொத்தம் 14 படிகங்களில் வேலை முடிந்துவிடும். இருபத்து நான்காவது கூட்டு 27.235 மெகாஹெர்ட்ஸில் சும்மா கிடந்தது. அதுதான் 1977-இல் 24-ஆம் சேனல் ஆயிற்று. 23-ஆம் சேனலைவிட 24-ஆம் சேனலின் அதிர்வெண் குறைவாக இருப்பதன் காரணம் இந்தப் பழைய ஏற்பாட்டில்தான் இருக்கிறது. சேனல்களின் அமைப்பே ஆறும் நான்குமாகப் பிரியும்போது, வேறுவேறு தொழிற்சாலைகளின் பொறியாளர்களும் அதே படிகத் தொகுதிக்கு வந்து சேர்ந்ததில் வியப்பில்லை.

40 சேனல் வந்தபோது படிகக் கூட்டு முறை காலாவதியாகி, அதனிடத்தில் பி.எல்.எல். என்று சுருக்கமாக வழங்கும் கட்டப்பூட்டு வளையம் அமர்ந்தது. மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைத்தால் அதிர்வெண் மாறும் அலையியற்றி ஒன்று இதில் உண்டு. அதன் அதிர்வெண்ணைச் சேனலுக்கேற்ற ஓர் எண்ணால் வகுத்து, அசையாத ஒரு மேற்கோள் அதிர்வெண்ணோடு ஒப்பிட்டு, இரண்டும் பொருந்தும்வரை மின்னழுத்தத்தைத் திருத்திக்கொண்டே இருப்பதுதான் இந்த வளையத்தின் வேலை. சேனல்கள் 10 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் இருப்பதால் மேற்கோள் அதிர்வெண்ணும் 10 கிலோஹெர்ட்ஸாகவோ அதைச் சமமாக வகுக்கும் 5 கிலோஹெர்ட்ஸாகவோ இருக்க வேண்டும். இலக்கமுறைச் சில்லுகளுக்கு இரண்டால் வகுப்பதே மிக எளிது. பத்து முறை இரண்டால் வகுத்தால் 1024-ஆல் வகுத்ததாகும். 10.240 மெகாஹெர்ட்ஸ் படிகம் ஒன்றை 1024-ஆல் வகுத்தால் மிகச் சரியாக 10 கிலோஹெர்ட்ஸ் கிடைக்கிறது.

அந்தப் படிகத்தின் பயன் அத்துடன் முடியவில்லை. வானொலி வாங்கிகளில், வரும் அலையை அப்படியே பெருக்காமல், வேறோர் அலையோடு கலந்து நிலையான ஓர் இடைநிலை அதிர்வெண்ணுக்கு இறக்கி, அங்கே வடிகட்டிப் பெருக்குவது நெடுநாள் மரபு. உலகெங்கும் சாதாரண வீட்டு வானொலிகளுக்காகக் கோடிக்கணக்கில் தயாரானதால் மலிவாகக் கிடைத்த வடிகட்டிகள் 455 கிலோஹெர்ட்ஸுக்கு உரியவை. ஆனால் 27 மெகாஹெர்ட்ஸிலிருந்து ஒரே தாவலில் 455 கிலோஹெர்ட்ஸுக்கு இறக்கினால், வேண்டாத பிம்ப அதிர்வெண் ஒன்றும் கூடவே நுழைந்து குழப்பும். ஆகவே முதலில் 10.695 மெகாஹெர்ட்ஸுக்கும், அங்கிருந்து 455 கிலோஹெர்ட்ஸுக்கும் இரண்டு படிகளாக இறக்கினார்கள். 10.695-இலிருந்து 10.240-ஐக் கழித்தால் 0.455 மெகாஹெர்ட்ஸ், அதாவது 455 கிலோஹெர்ட்ஸ். சேனல் இடைவெளிக்கு அளவுகோலாக இருக்கும் அதே படிகமே இரண்டாவது இறக்கத்திற்கும் பயன்படுகிறது. முதல் சேனலை எடுத்துக்கொண்டால், 26.965-இலிருந்து 10.695-ஐக் கழித்துப் பெறும் 16.270 மெகாஹெர்ட்ஸில் அலையியற்றி ஓட வேண்டும். 16,270 கிலோஹெர்ட்ஸை 1627-ஆல் வகுத்தால் மீண்டும் அதே 10 கிலோஹெர்ட்ஸ். ஒரே ஒரு கல் துண்டு இரண்டு வேலைகளையும் பிசகின்றிச் செய்யும் இந்த ஏற்பாடு எளிமையிலும் சிக்கனத்திலும் அழகானது. இதைக் கண்டுகொண்ட பிறகு வேறு வழியை நாட எந்த வடிவமைப்பாளருக்கும் காரணம் இல்லாமல் போயிற்று. வீச்சுப் பண்பேற்றம் மட்டுமே உள்ள 40 சேனல் வானொலிகளில் பெரும்பாலானவற்றில் 10.240 என்று பொறித்த படிகம் இருப்பதன் காரணம் இதுவே.

இந்தக் கணக்கைச் செய்யும் சில்லுகளைத் தயாரித்தவை என்.இ.சி., ஃபுஜித்சு, சான்யோ, தோஷிபா, மோட்டரோலா போன்ற மிகச் சில நிறுவனங்கள். பி.எல்.எல். 02 ஏ என்ற சில்லு எத்தனையோ பெயர்களில் விற்ற கருவிகளில் இருந்தது. ஒற்றைப் பக்கப்பட்டைக் கருவிகளில் ஃபுஜித்சுவின் எம்.பி. 8719 பரவலாக இடம்பெற்றது. தொடக்கத்தில் வந்த சில்லுகளின் கால்களில் இணைப்பை மாற்றினால் சட்டம் அனுமதிக்காத அதிர்வெண்களுக்கும் போக முடிந்தது. இதைத் தடுக்க ஆணையம் விதிகளை இறுக்கியதும், 40 சேனல்களின் எண்களையும் தமக்குள்ளேயே நிலையாகப் பதித்த சில்லுகள் வந்தன. இதன் விளைவாகச் சில்லுக்கு வெளியே வடிவமைப்பாளர் தீர்மானிக்க வேண்டியவை மேலும் குறைந்தன. ஒரு சில்லைத் தேர்ந்தெடுத்தவுடன் அதைச் சுற்றியுள்ள படிகம், இடைநிலை அதிர்வெண், சுருள்களின் அளவு ஆகிய அனைத்தும் தாமாகவே முடிவாகிவிடும். சில்லைச் செய்த நிறுவனமே மாதிரிச் சுற்றுப்படத்தையும் வெளியிட்டுவிடும். கடைசிக் கட்டத்தில் அலையைப் பெருக்கி ஆண்டெனாவுக்கு அனுப்பும் டிரான்சிஸ்டர்களும் 2 எஸ்.சி. 2078, 2 எஸ்.சி. 1969 போன்ற சிலவற்றுக்குள் அடங்கின.

வணிகக் காரணம் இங்கேதான் சேர்கிறது. 1970-களின் நடுவில் அமெரிக்காவில் சி.பி. மோகம் உச்சத்தை எட்டியபோது, மின்னெ‌சோட்டா மாநிலத்தின் ஈ.எஃப். ஜான்சன் போன்று சொந்தமாக வடிவமைத்துத் தயாரித்த நிறுவனங்கள் இருக்கத்தான் செய்தன. ஆனால் பெரும்பாலான பெயர்கள் விற்பனையாளர்களின் பெயர்கள். அவர்களுக்கு விளம்பரமும் கடைகளும் இருந்தனவே தவிர, கருவியை உருவாக்கும் ஆலை இல்லை. அந்த வேலையைச் செய்து கொடுத்தவை ஜப்பானிய ஒப்பந்தத் தயாரிப்பாளர்கள். அவர்களுள் சைபர்நெட், யூனிடென் ஆகிய இரண்டும் முக்கியமானவை. 1966-இல் ஹிதெரோ ஃபுஜிமோட்டோ தொடங்கிய நிறுவனமே பின்னாளில் யூனிடென் என்று அறியப்பட்டது. பிரெசிடென்ட் என்ற தன் பெயரிலும் விற்றுக்கொண்டு, சிகாகோவின் டைனாஸ்கேன் நிறுவனத்திற்குக் கோப்ரா கருவிகளையும் அது செய்து கொடுத்தது. ஒப்பந்தத் தயாரிப்பாளருக்கு வாடிக்கையாளர் பத்துப் பேர் இருந்தால் பத்துப் பலகைகளை வரைவது வீண் செலவு. பலகைக்கான அச்சுப் படலம், துளையிடும் வரிசை, தொழிலாளர் பயிற்சி, சோதனைக் கருவிகள் ஆகியவற்றின் செலவு ஒரே வடிவம் லட்சக்கணக்கில் ஓடினால்தான் ஈடாகும்.

அந்த மோகம் எவ்வளவு விரைவாக எழுந்ததோ அவ்வளவு விரைவாக வீழ்ந்தது. 40 சேனல் வரப்போகிறது என்று 1976-இல் அறிவித்ததும், 23 சேனல் கருவிகள் கடைகளில் தேங்கி அடிமாட்டு விலைக்குப் போயின. புதியவை வந்தபோது வாங்குவோரின் ஆர்வமும் தணிந்திருந்தது. நெப்ராஸ்கா மாநிலத்தின் ஹைகெயின் நிறுவனம் நொடித்தது. அதன் கிடங்கில் பெட்டியில் ஏறாமல் எஞ்சிய வெறும் பலகைகள் உபரிப் பொருள் வணிகர்கள் கைக்குப் போக, அமெச்சூர் வானொலியாளர்கள் அவற்றை மலிவாக வாங்கி, 28 மெகாஹெர்ட்ஸ் அலைப்பட்டைக்குரிய கருவிகளாக மாற்றிக்கொண்டார்கள். ஜப்பானில் தள்ளாடிய சைபர்நெட்டை 1979-இல் கியோட்டோ செராமிக் நிறுவனம் தன் ஆதரவில் ஏற்று, 1982-இல் தன்னோடு இணைத்துக்கொண்டது. இணைந்த நிறுவனம் கியோசெரா என்ற பெயரை ஏற்றது. எஞ்சிய தயாரிப்பாளர்கள் சிலரே ஆனதால், எஞ்சிய பெயர்கள் அந்தச் சிலரையே நாட வேண்டியதாயிற்று. வீழ்ச்சிக்குப் பின் பலகைகளின் ஒற்றுமை மேலும் கூடியது.

ஒரே பலகை என்றால் ஒரே வானொலி என்று முடிவு செய்வது தவறு. தயாரிப்பாளர்கள் பலகையை வரையும்போதே விலை உயர்ந்த மாதிரிக்குத் தேவையான எல்லாவற்றுக்கும் இடம் விட்டு வரைவார்கள். மலிவான மாதிரியில் அந்த இடங்கள் பாகங்கள் பொருத்தப்படாமல் வெறும் துளைகளாகவே நிற்கும். கார் எஞ்சினின் தீப்பொறி இரைச்சலை அடக்கும் சுற்று, வாங்கும் உணர்திறனைக் குறைக்கும் குமிழ், ஒலிவாங்கியின் அளவைக் கூட்டும் குமிழ் ஆகியவை பெரும்பாலும் இவ்வாறு மாதிரிக்கேற்பச் சேர்க்கப்படும் அல்லது விடப்படும். வடிகட்டியின் தரத்திலும் வேறுபாடு உண்டு: பக்கத்துச் சேனலில் யாரேனும் உரக்கப் பேசும்போது நல்ல வடிகட்டி உள்ள கருவி அமைதியாக இருக்கும், மற்றது இரைச்சலிடும். ஆலையில் சுருள்களின் மையத்தைத் திருகிச் சரிசெய்யும் இறுதிக் கட்டத்தில் எடுத்துக்கொண்ட கவனமும் கேட்பவர் காதில் தெரியும். ஆகவே விலை உயர்ந்த பெயரை வாங்கியவர் ஏமாந்தார் என்று பொதுவாகச் சொல்வது நியாயமன்று. கூடுதல் பாகங்களுக்குக் கொடுத்த விலை தக்கதே. பாகங்களின் எண்ணிக்கையும் ஒன்றாக இருந்து பெயர்த்தகடு மட்டும் மாறிய கருவிகளும் இருந்தன. அவற்றில்தான் வாங்கியவர் வெறும் பெயருக்கு விலை கொடுத்தார்.

பிரிட்டனில் இதே கதை சில மாதங்களுக்குள் அடங்கிய வடிவத்தில் நடந்தது. அங்கே சி.பி. 1981 நவம்பர் 2 அன்று சட்டபூர்வமானது. ஆனால் அரசு அமெரிக்க அலைவரிசையை ஏற்காமல், 27.60125 முதல் 27.99125 மெகாஹெர்ட்ஸ் வரை 40 சேனல்களை, அதிர்வெண் பண்பேற்ற முறையில் மட்டும் அனுமதித்தது. உலகில் வேறெங்கும் இல்லாத இந்த வரிசைக்குச் சான்யோ நிறுவனம் எல்.சி. 7137 என்ற சில்லைத் தனியாகச் செய்து தந்தது. சந்தை திறந்த நாளிலேயே சரக்கு வேண்டும் என்று துடித்த பிரிட்டிஷ் விற்பனையாளர்கள் அந்தச் சில்லைச் சுற்றி அமைந்த தூரகிழக்கு நாடுகளின் பலகைகளையே பல பெயர்களில் இறக்குமதி செய்தார்கள். தேர்ந்தெடுக்கச் சில்லே அரிதாக இருந்த சந்தையில் பலகைகள் வேறாக இருந்திருந்தால்தான் வியப்பு.

இப்போது இந்தத் தொழிலின் பெரும்பகுதி சீனாவுக்கும் தென்கிழக்கு ஆசியாவுக்கும் நகர்ந்துவிட்டது. சீனாவின் சுவான்ஜோ நகரிலுள்ள சிசியாங் நிறுவனத்தின் எனிடோன் 5555 என்ற கருவி, ஐரோப்பாவில் சி.ஆர்.டி. 6900 என்றும் மாஸ் 5000 என்றும் வேறு பெயர்களில் விற்கப்பட்டது. தைவானைச் சேர்ந்த ரேஞ்சர் நிறுவனத்தின் பலகைகள் ரேஞ்சர், கேலக்ஸி, கானெக்ஸ் ஆகிய பெயர்களில் காணப்படுகின்றன. பழைய நிலைக்கும் இன்றைய நிலைக்கும் ஒரு வேறுபாடு உண்டு: சேனல் வரிசை இப்போது சில்லின் உள்ளே நிலையாகப் பதிந்ததாக இல்லாமல் நுண்கட்டுப்படுத்தியின் மென்பொருளில் இருக்கிறது. ஒரே பலகையைச் செய்து, ஜெர்மனிக்கு ஒரு வரிசை, பிரிட்டனுக்கு ஒரு வரிசை, போலந்துக்கு ஒரு வரிசை என்று மென்பொருளிலேயே தெரிவு கொடுத்துவிட முடிகிறது. முன்பு பெயர்கள் மட்டும் பகிர்ந்துகொண்ட பலகையை இப்போது நாடுகளே பகிர்ந்துகொள்கின்றன.

இந்த ஒற்றுமையால் அதிகம் பயன் பெற்றவர்கள் பழுதுபார்ப்பவர்கள். அவர்களுக்கு முகப்பில் உள்ள பெயரைவிடப் பலகையின் ஓரத்தில் அச்சிட்ட எண்ணே அடையாளம்: சைபர்நெட்டின் பலகைகளில் பி.டி.பி.எம். என்றும், யூனிடெனின் பல பலகைகளில் பி.சி. என்றும், ரேஞ்சரின் பலகைகளில் ஈ.பி.டி. என்றும் தொடங்கும் எண்கள் காணப்படும். ஹோவர்ட் டபிள்யூ. சாம்ஸ் நிறுவனம் சி.பி. கருவிகளுக்கென்றே சுற்றுப்படத் தொகுதிகளை வெளியிட்டது. லூ ஃபிராங்க்ளின் என்பவர் பி.எல்.எல். சில்லுகளை அடிப்படையாகக் கொண்டு கருவிகளை வகைப்படுத்தி நூல் எழுதினார். பெயரே கேள்விப்படாத ஒரு கருவியின் படம் கிடைக்காவிட்டாலும், அதே பலகையில் அமைந்த புகழ்பெற்ற கருவியின் படத்தை வைத்து அதைச் சரிசெய்துவிடலாம். நின்றுபோன நிறுவனத்தின் நாற்பது ஆண்டுப் பழைய வானொலி இன்றும் பேசுகிறதென்றால், அதன் பலகை வேறு பல பெயர்களில் பிழைத்திருப்பது அதற்கு முக்கியக் காரணம். தயாரிப்பில் வேற்றுமை வேண்டும் என்று வாதிடுவோர் இந்த நன்மையை எண்ணிப் பார்ப்பது நல்லது. மறுபுறம், ஒரு பலகையில் வடிவமைப்புக் குறை இருந்தால் அந்தப் பலகையைச் சுமந்த எல்லாப் பெயர்களுக்கும் அதே குறை வந்து சேரும்; சட்டத்தை மீறித் திறனையோ சேனலையோ கூட்டும் தந்திரமும் ஒரு கருவிக்குத் தெரிந்தால் பத்துக் கருவிகளுக்குத் தெரிந்ததாகிவிடும்.

இந்தியாவில் 2005-ஆம் ஆண்டு விதிகள் 26.957 முதல் 27.283 மெகாஹெர்ட்ஸ் வரை, 5 வாட் கதிர்வீச்சுத் திறனுக்கு உட்பட்டு, உரிமம் இல்லாமல் பயன்படுத்த இடமளித்தன. அமெரிக்கச் சேனல் வரிசையின் முதல் 27 சேனல்கள் இந்த எல்லைக்குள் அடங்குகின்றன. 28-ஆம் சேனலின் 27.285 மெகாஹெர்ட்ஸ் அதற்கு வெளியே போய்விடுகிறது. வெளிநாட்டிலிருந்து வந்த 40 சேனல் கருவி ஒன்று கைக்குக் கிடைத்தவர்கள், அதன் பெயரை நம்பி மின்னிணைப்புக் கொடுப்பதற்கு முன் மூடியைத் திறந்து பலகையின் எண்ணைப் படித்து, அது எந்த நாட்டின் சேனல் வரிசைக்காகச் செய்யப்பட்டது என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும்.